நாற்பது விநாடிப் பேரினம்

அச்சில் வராத பெயர் நத்தை ஆய்வாளர்களுக்குப் பெயரே அன்று. பல இனங்களை அடக்கும் ஒரு பேரினத்துக்கு எத்தனை அழகான பெயரைத் தேர்ந்து வைத்திருந்தாலும், ஆய்விதழில் வெளியாகும் நாள்வரை அது உலகத்தில் இல்லை. வெளியான பிறகு, வைத்தவரே விரும்பினாலும் அதை அழிக்க முடியாது. நிரஞ்சனா தன் பேரினத்துக்குப் பெயர் வைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. அதை அவள் வாய்விட்டுச் சொன்னது இரண்டே முறை. ஒரு முறை உடன் வேலை செய்யும் ஷமீமாவிடம், ஒரு முறை குளியலறையில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, கட்டுரையின் இறுதி மெய்ப்பு அவள் பையில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். அனுப்பிவிட்டால் அவளுடைய முதல் பேரினம் பிறந்துவிடும். அருங்காட்சியகத்தில் அவளுக்கிருந்த இரண்டாண்டு ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. நீட்டிப்பைப் பற்றிக் கேட்டபோது, அவளுடைய ஆய்வுக்குழுவின் தலைவரான பேராசிரியர், "ஒரு பேரினம் கையில இருந்தா நான் தைரியமா பேசலாம்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நத்தை இரண்டு மில்லிமீட்டர் உயரம். அரிசிமணியில் பாதிகூட இராது. கூம்பாகச் சுற்றி எழும் ஓடு, கடைசிச் சுற்றில் தன்னைவிட்டு விலகி, ஊதுகுழலைப்போல வாயைப் பின்னோக்கித் திருப்பிக்கொள்ளும். இப்படி வாய் திரும்பிய நத்தைகளில் இரண்டு பேரினங்கள் பேர்பெற்றவை. ஒபிஸ்தோஸ்டோமா மூத்தது, அதன் முதல் நத்தை நீலகிரியில் எடுக்கப்பட்டது. பிளெக்டோஸ்டோமா அதற்குள்ளேயே நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, பிறகு தனிக்குடித்தனம் போனது. மலேசியச் சுண்ணாம்புக் குன்றுகளில் அதைக் காணலாம். அதன் ஓட்டின்மேல் மெல்லிய தகடுகளைப்போல வரிகள் எழுந்து நிற்கும். நிரஞ்சனாவின் நத்தையில் அந்த வரிகள் இல்லை. ஓடு வழவழப்பாக இருந்தது. அது கிடைத்த கிராஞ்சியிலோ, சிங்கப்பூரின் வேறெந்த மூலையிலோ, தரைக்குமேல் சுண்ணாம்புக் குன்றும் இல்லை. வரியில்லாத ஓடு, சுண்ணாம்பில்லாத வாழ்க்கை. இந்த இரண்டு தூண்களின்மேல் அவள் ஒரு பேரினத்தையே நிறுத்தியிருந்தாள்.

இதழாசிரியர் மெய்ப்பின் ஓரத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். இனப்பெயர் எவருடைய பெயரைத் தழுவியதோ அவருடைய முழுப்பெயர் என்ன? நத்தை கிடைத்த இடத்தைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுத முடியுமா? இரண்டுக்கும் விடை ஒரே மனிதரிடம் இருந்தது. கிராஞ்சியில் ஒரு நர்சரியில் ஏழாண்டாக வேலை செய்யும் அழகேசன். வார இறுதியில் நர்சரியில் கூட்டம் நெரியும் என்பதால் அவருக்குச் செவ்வாய்தான் விடுமுறை. ஞாயிறன்று கால் வைக்க இடமில்லாத லிட்டில் இந்தியாவை அவர் எப்போதும் காலியாகவே பார்த்துப் பழகியவர்.

லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஜாலான் புசாரின் இரும்புக் கடைகளைத் தாண்டி, சந்து முனையிலிருந்த சாப்பாட்டுக் கடையில் அழகேசன் முன்னதாகவே வந்து சுவரோரம் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையவில்லை.

"வாங்க மேடம். தோசை சொல்லட்டா? இங்க பொடி தோசை நல்லாருக்கும்."

"சாப்பிட்டுட்டேன் அண்ணா. கோப்பி போதும்."

"எங்க பாஸும் இப்படித்தான். கோப்பியாலயே வயித்த நெரப்பிக்கிட்டு, பசி வந்ததும் எங்க மேல பாய்வாரு."

நிரஞ்சனா மெய்ப்பை வெளியே எடுத்தாள். "உங்க பாஸ்போர்ட்ல பேரு எப்படி இருக்கு?"

அழகேசனின் கை தட்டின்மேல் நின்றுவிட்டது. "எதுக்கு மேடம்? ஏதும் பிரச்சனையா?"

"இல்லண்ணா. அந்த நத்தைக்கு உங்க பேரத்தான் வைக்கிறேன். பேப்பர்ல முழுப் பேரு போடணும்."

அவர் தோசைத் துண்டைச் சட்னியில் தோய்த்தார். "ஏன் மேடம், நான் அவ்வளவு மெதுவாவா வேலை பாக்கறேன்?"

அவள் சிரித்துவிட்டாள். "நீங்க அந்த மூலையக் காட்டாட்டி எனக்கு ஒண்ணும் கெடச்சிருக்காது லா. அதுக்குத்தான்."

"எங்க வீட்ல கேட்டா சிரிப்பா. சிங்கப்பூர் போயி என்ன பேரு வாங்குனீங்கன்னு கேட்டா, நத்தைன்னு சொல்லணும்." சொன்ன பிறகு அவரும் சிரித்தார். சிரிப்பில் கூச்சத்தைவிட மகிழ்ச்சியே மிகுந்திருந்தது. "பொஸ்தகத்துல வருமா? படம் போட்டு?"

"படம் போட்டு."

அவர் காட்டிய மூலையை அவள் நன்றாக அறிவாள். செடித்தொட்டிகளோடு வெளிநாட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் நத்தைகளைக் கணக்கெடுப்பதே அவளுக்குத் தரப்பட்டிருந்த வேலை. ஒவ்வொரு செடியும் எந்த ஊரிலிருந்து வந்தது, தொட்டி எங்கே வார்த்தது, மண் எவர் கொடுத்தது என்று அட்டவணை போட்டிருந்தாள். பின்வேலியை ஒட்டிப் பெரணிச்செடிகள் மண்டிக் கிடந்த அந்த மூலையின் மண்ணைச் சலித்து வாளித் தண்ணீரில் போட்டபோது, காற்றடைத்த வெற்று ஓடுகள் தாமாக மிதந்து வந்தன. தேநீர் வடிகட்டியால் அவள் அரித்தெடுத்த அறுபத்திரண்டு ஓடுகள்தாம் அவளுடைய பேரினம். உயிருள்ளது ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. கட்டுரையிலும் அதை அப்படியே ஒப்புக்கொண்டிருந்தாள். அட்டவணையிலிருந்த எந்தச் செடியும் சுண்ணாம்புக் குன்றுள்ள ஊரிலிருந்து வந்ததல்ல. ஆகவே நத்தை இந்த மண்ணுக்கே உரியது என்று முடிவு கட்டியிருந்தாள்.

"இன்னொண்ணு அண்ணா. அந்த மூலை முன்னாடி என்னவா இருந்துச்சு? சும்மா காடா?"

"காடா? அது கல்லு கழுவுற எடம் மேடம். நீங்க வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடிதான் அந்த வேலைய மெயின் கேட்டுப் பக்கம் மாத்தினோம். அப்புறம் பெரணி ஏறிக்கிச்சு."

"என்ன கல்லு?"

"அலங்காரக் கல்லு. கொண்டோ அடுக்குமாடிங்கள்ல செயற்கை அருவி கட்டுவாங்கல்ல, அதுக்கு அடுக்குறது. ஈப்போ பக்கத்துலேர்ந்து லாரில வரும்."

மலேசியாவின் ஈப்போவைச் சுற்றி நிற்பவை சுண்ணாம்புக் குன்றுகள் என்பதை நத்தை ஆய்வாளர் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிரஞ்சனா கோப்பியை ஒரு மிடறு குடித்தாள். சூடு தெரியவில்லை.

"என்கிட்ட இத ஏண்ணா சொல்லல?"

"செடி எங்கேர்ந்து வருதுன்னு கேட்டீங்க. தொட்டியக் கேட்டீங்க. மண்ணக்கூட விடாம கேட்டீங்க. கல்லக் கேக்கலியே மேடம்."

அது உண்மை. அவள் மனத்துக்குள் கட்டுரையை வேகமாகத் திருத்தி எழுதிப் பார்த்தாள். இடம் தவறாகிவிட்டதால் ஒரு பெயர் செல்லாததாகிவிடாது. தாம் கால் பதித்தே இராத நாடுகளின் பெயரைச் சுமந்து திரியும் உயிர்கள் எத்தனையோ உண்டு. 'இறக்குமதியான பாறைகளோடு வந்திருக்கலாம்' என்று ஒரு தொடரைச் சேர்த்து, வாழிடம் பற்றிய பத்தியை நீக்கிவிடலாம். பேரினத்தின் ஒரு தூண் போயிற்று. மற்றொன்று நிற்கிறது. வரியில்லாத ஓடு வரியில்லாத ஓடுதானே.

அவள் முகம் தெளிந்ததைக் கண்டு அழகேசனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பெயர் வைத்தவளுக்குத் தன் வேலையை முழுதாக விளக்கிவிட வேண்டும் என்று நினைத்தார்போலும்.

"கழுவுறதுன்னா சும்மா தண்ணி ஊத்துறது இல்ல மேடம். வர்றப்ப கல்லு கன்னங்கரேல்னு இருக்கும், பாசி புடிச்சு. கஸ்டமருக்கு வெள்ளையா வேணும். அதனால ஆசிட்டு. ஒரு பக்கெட் தண்ணிக்கு ரெண்டு மக். மேலேர்ந்து ஊத்துனா சர்ருன்னு நுரை பொங்கும் பாருங்க, சோடா ஒடைச்ச மாதிரி."

நிரஞ்சனா கோப்பையைக் கீழே வைத்தாள். "எவ்வளவு நேரம் விடுவீங்க?"

"நுரை அடங்கறவரைக்கும். ஒரு நிமிஷங்கூட ஆகாது. உடனே பைப்பத் தெறந்து அடிச்சிடணும். ஜாஸ்தி விட்டா கல்லே கரைஞ்சு போயிடும்."

கடையில் யாரோ பரோட்டா தட்டும் ஓசை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. கல்லைப்போல நத்தையின் ஓடும் சுண்ணாம்புதான். அவள் நினைவு முழுவதும் தன் கட்டுரையின் ஒரு வாக்கியத்தில் போய் நின்றது. ஓட்டின் சுற்றுகள் ஒன்றோடொன்று சேரும் பள்ளத்தில் மட்டும் மிகச் சிறிய மேடுகள் வரிசையாகத் தெரிகின்றன என்றும், அவை பரிணாமத்தில் மறைந்துபோன வரிகளின் எச்சங்கள் என்றும் அவள் எழுதியிருந்தாள். கட்டுரையிலேயே அவளுக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது. மதிப்பீட்டாளர் ஒருவர் அதைத் தனியே பாராட்டியிருந்தார். மறைந்த வரிகள்தாம். ஆனால் அவை மறைய இலட்சம் ஆண்டுகள் ஆனதா, ஒரு நிமிடம்கூட ஆகவில்லையா என்பதுதான் கேள்வி.

"பேர எழுதிக்கிட்டீங்களா மேடம்?" என்றார் அழகேசன். "முத்துக்கருப்பன் அழகேசன். அப்பா பேருதான் முன்னாடி வரும்."

அவள் எழுதிக்கொண்டாள்.

கிளமெண்டியில் இறங்கிப் பேருந்து பிடித்து அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தபோது மணி இரண்டு. ஷமீமா கீழ்த்தளத்தின் குளிரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நண்டு மாதிரிகள் இருந்த புட்டிகளுக்குப் பதப்படுத்தும் சாராயம் மாற்றிக்கொண்டிருந்தாள். சேகரிப்புகளைப் பராமரிப்பவள் அவள். நிரஞ்சனாவின் ஓடுகளை மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்ததும் அவள்தான்.

"என்ன நிரு, லீவு போட்டவ இங்க வந்து நிக்கிற? நர்சரி அங்கிள் பேரு குடுக்கலியா?"

"குடுத்தாரு. ஆசிட்டும் குடுத்தாரு."

நிரஞ்சனா நடந்ததைச் சொல்லி முடித்தாள். ஷமீமா மூடியைத் திருகி, கையுறையைக் கழற்றி, கணினியில் படங்களைத் திறந்தாள். இருவரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஓட்டின் வெளிப்புறம் நுண்ணிய குழிகளாக இருந்தது. வாயின் உட்புறத்தில் அந்தக் குழிகள் இல்லை. மேடுகள் பள்ளத்தின் ஆழத்தில், ஊற்றிய அமிலம் எளிதில் எட்டாத இடத்தில் மட்டும் இருந்தன. இதே படங்களை அவர்கள் ஐம்பது முறை பார்த்திருப்பார்கள். அப்போது அந்தக் குழிகளை 'நுண்துளை அமைப்பு' என்று படித்து, பேரினத்தின் மூன்றாவது அடையாளமாகவே பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

"இத வச்சு மட்டும் சொல்ல முடியாது," என்றாள் ஷமீமா. "சோதிச்சுப் பாக்கணும்."

"எத வச்சு? வரியுள்ள ஓட்ட ஆசிட்ல போட யாரு விடுவாங்க?"

"நான் விடுவேன்." ஷமீமா கடைசி அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவுப் பெட்டியை எடுத்து வந்தாள். "பிளெக்டோஸ்டோமா, பதினொண்ணு. எந்த ஊரு, எந்த வருஷம், யாரு எடுத்தா, ஒண்ணுமே எழுதல. எழுதாதவன் நல்லா இருக்கட்டும். இடம் தெரியாத ஓடு யாருக்கு வேணும்?"

எங்கே எடுத்தது என்ற சீட்டு இல்லாத மாதிரிக்கு அவர்கள் உலகத்தில் மதிப்பில்லை. தவறான சீட்டோடு அறுபத்திரண்டு ஓடுகள் மாடியில் இருக்கின்றன என்று நிரஞ்சனா நினைத்துக்கொண்டாள்.

பக்கெட்டுக்கு இரண்டு மக் என்ற கணக்கைக் குறைத்து ஒரு கண்ணாடித் தட்டில் கலந்தார்கள். ஷமீமா கைப்பேசியில் நேரம் பார்த்தாள். நிரஞ்சனா நனைந்த தூரிகை நுனியில் ஓர் ஓட்டை ஒற்றி எடுத்து உள்ளே விட்டாள். உடனே ஓட்டைச் சுற்றி வெண்முத்துகள் பொங்கின. நுண்ணோக்கியின் வழியே பார்த்தபோது வரிகள் விளிம்பிலிருந்து பின்வாங்குவது தெரிந்தது, வெயிலில் விட்ட ஐஸ்கட்டியின் முனை மழுங்குவதைப்போல. இருபது விநாடியில் தகடுகள் கோடுகளாயின. முப்பதில் கோடுகளும் மங்கின. நிரஞ்சனா தூரிகையால் அதை எடுத்துத் தண்ணீரில் இட்டாள்.

"நாப்பது," என்றாள் ஷமீமா.

வழவழப்பான ஓடு. பள்ளத்தில் மட்டும் சிறிய மேடுகள். அவளுடைய பேரினத்துக்கு ஆதாரமான மூலமாதிரியின் பக்கத்தில் வைத்தால் எது எதுவென்று அவளே தடுமாறுவாள்.

"நாப்பது செகண்ட்ல புதுப் பேரினம் ரெடி லா," என்றாள் ஷமீமா. "இன்னும் பத்து இருக்கு. ஆளுக்கு அஞ்சு."

நிரஞ்சனா சிரிக்க முயன்றாள். ஷமீமா நாற்காலியை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்து, குரலைத் தணித்தாள். "சொல்றதக் கேளு. நான் இத யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கிளுக்கு இது புரியப்போறது இல்ல. மார்ச் வரைக்கும் எவனும் கிராஞ்சிக்கு வந்து தோண்டப் போறதும் இல்ல."

"நீ நிஜமா சொல்றியா?"

ஷமீமா சற்று யோசித்தாள். "இல்ல. ஆனா ஒருத்தராவது சொல்லணும்ல, நீ வேணாம்னு சொல்றதுக்கு."

வேண்டாம் என்று அவள் அங்கே சொல்லவில்லை. வீடு திரும்பும் ரயிலில் அதைத் தனக்குத்தானே வாதிட்டுக்கொண்டாள். வெளியாகிவிட்ட பேரினம் எக்காலத்திலும் அழியாது. யாரோ ஒருவர், பத்தாண்டு கழித்தோ ஐம்பதாண்டு கழித்தோ, அது பிளெக்டோஸ்டோமாவே என்று காட்டுவார். அப்போதும் அந்தப் பெயர் போகாது. உண்மையான பெயரின் கீழே உள்தள்ளி, சிறிய எழுத்தில், அவளுடைய பெயரோடும் ஆண்டோடும் ஒவ்வொரு பட்டியலிலும் நிற்கும். எத்தனை நூற்றாண்டுப் பட்டியல்களை அவளே புரட்டியிருக்கிறாள். அப்படி உள்தள்ளி நிற்கும் பெயர்களைக் கண்டு, இந்த மனிதர் எதைப் பார்த்து ஏமாந்தாரோ என்று ஒரு கணம் நின்றிருக்கிறாள். ஏமாந்தவர் ஏமாந்தார், அதில் இழிவில்லை. தெரிந்தே எழுதியவர் என்று ஒருவரைப் பற்றியும் அவள் நினைத்ததில்லை. அப்படியும் சிலர் இருந்திருக்கலாம் என்று அன்றுதான் தோன்றியது.

மறுநாள் காலை, இதழாசிரியருக்கு நான்கு வரியில் எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், அடையாளமாகச் சொல்லப்பட்ட பண்புகள் அமிலத்தால் ஏற்பட்டவை என்றும், சோதனையின் படம் இணைப்பில் உள்ளது என்றும். பேராசிரியருக்கு நகல் வைத்தாள். அவர் ஒரு மணி நேரம் கழித்து, 'நல்லது. நாளை பேசுவோம்' என்று பதில் அனுப்பினார். அந்த 'நல்லது' எதைக் குறித்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. எப்படியும் மார்ச்சுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

அழகேசனுக்குத் தொலைபேசியில் சொல்ல அவளுக்கு மனமில்லை. வியாழக்கிழமை பேராசிரியரைப் பார்ப்பதற்கு முன்னரே கிராஞ்சிக்குப் போனாள். பேருந்து வர முப்பது நிமிடம் காத்திருந்தாள். அழகேசன் மூங்கில் தொட்டிகளை வரிசை மாற்றிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை வேலையை நிறுத்தாமல் கேட்டார். ஆசிட் என்ற இடம் வந்ததும் நிறுத்தினார்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா மேடம்?"

"நீங்க கல்லக் கழுவுனீங்க. நான்தான் கேக்காம விட்டேன்."

"வீட்ல சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நெனச்ச மாதிரியே சிரிச்சா. அப்புறம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டா." அவர் முழங்கையால் நெற்றியைத் துடைத்தார். "பரவால்ல. கேக்கறப்ப சொல்லிக்கலாம்."

கடைசி மூங்கில் தொட்டியையும் வரிசையில் நகர்த்தி வைத்தார். பிறகு அவர், "ஆசிட் படாத கல்லு பாக்கணுமா?" என்றார்.

தண்ணீர்த் தொட்டியின் பின்புறம், வளைத்த ரப்பர்க் குழாய்க்கு முட்டுக்கொடுத்து, குட்டை மேசை அளவு கருங்கல்லொன்று கிடந்தது. கருங்கல்லன்று; பாசியால் கறுத்த சுண்ணாம்புக்கல். நடுவில் ஓட்டை விழுந்ததால் விலைபோகவில்லை, அதனால் கழுவவில்லை என்றார் அழகேசன். குழாய்முனை ஆண்டுக்கணக்கில் அதன்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

நிரஞ்சனா ஈரத்தரையில் முழங்காலிட்டு, கைலென்ஸைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்தாள். ஓட்டையின் உள்விளிம்பில், பாசியின் நடுவே, அது நகர்ந்துகொண்டிருந்தது. ஊசிமுனை அளவில் இரண்டு கொம்புகள். முதுகில் சாய்ந்த கூம்பு. கூம்பெங்கும் எழுந்து நிற்கும் வரிகள், ஒன்றுகூடக் குறையாமல். அறுபத்திரண்டு ஓடுகளை எண்ணி, அளந்து, படமெடுத்து, பெயரிட்டவள், அந்த நத்தையை உயிரோடு பார்ப்பது இதுவே முதல்முறை.

லென்ஸை அழகேசனிடம் கொடுத்தாள். அவர் வெகுநேரம் குனிந்திருந்தார்.

"வரி இருக்கு மேடம்."

"இருக்கு."

"அப்ப புதுசு இல்ல."

"புதுசா இருக்காது. ஏற்கெனவே பேரு உள்ளதா இருக்கும். பாத்துத்தான் சொல்லணும்."

"ஈப்போலேர்ந்து லாரில வந்து, இங்க குடும்பம் நடத்துதா?" அவர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். "ஓட்டைக் கல்லுன்னு நம்ம ஆளுங்க இதுல காலக் கழுவுவாங்க."

அவள் இரண்டு நத்தைகளை மட்டும் ஈரப்பஞ்சோடு குப்பியில் எடுத்து, பென்சிலால் சீட்டு எழுதினாள். கிராஞ்சி, நர்சரி, தண்ணீர்த் தொட்டியின் பின்புறம். ஈப்போ பக்கத்திலிருந்து லாரியில் வந்த சுண்ணாம்புக்கல்லின்மேல். எந்தக் குன்று என்று தெரியவில்லை. சேகரித்தவர் என்ற இடத்தில் ஒரு கணம் நிறுத்தி, முத்துக்கருப்பன் அழகேசன் என்று எழுதினாள். அவர் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டார்.

"இது பொஸ்தகத்துல வருமா?"

"வராது. குப்பிக்குள்ளயே இருக்கும். மியூசியம் இருக்கற வரைக்கும்."

அவர் தலையாட்டினார். அவள் பார்ப்பதற்காகத் தள்ளி வைத்திருந்த குழாயைத் தூக்கி, மறுபடி கல்லின்மேல் சாய்த்து, வால்வைத் திறந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக் குறைத்தார். முதலில் தண்ணீர் கம்பியாக விழுந்தது. பிறகு சொட்டாயிற்று.

"இவ்வளவு போதுமா மேடம்?"

"இத்தன நாள் எப்படி விட்டீங்களோ, அப்படியே விடுங்கண்ணா."